எழுத மறுத்த மெமரி கார்டு

நகத்தளவு சரக்குக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமலே அதற்கு உத்தரவாதம் சொல்லும் தொழில், மெமரி கார்டு வியாபாரம். பஞ்சாலையில் சங்கம் நடத்தி வேலையிழந்து, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகே கடை போட்டவன் நான். ‘இடமில்லை’ என்று போன் சொல்லும்போதெல்லாம் பிள்ளையின் படத்தை அழிக்கும் தோழர்களே, நமக்கு நடந்த அநீதிகளைச் சொல்கிறேன். வரிசை மாறாது.

ஒன்று: சிப்பின் ஒரு நுண்ணறையில் ஒரு தகவல்தான் இருந்தது, போட்டியில் அதை இரண்டாக்கினார்கள். இரண்டு: மூன்றாக்கினார்கள். மூன்று: அறையை இனிச் சுருக்க முடியாதென்று மாடி மேல் மாடி கட்டினார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தைரியத்தில் நான்காவது தகவலையும் திணித்தார்கள். நெரிசல் கூடினால் அறை சீக்கிரம் தேயும். நான்கு: இது எதையும் உறையில் அச்சிடவில்லை. ஐந்து: சரக்கு மலிந்ததும் உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றினார்கள். அதற்குப் பெயர் சந்தை. நாங்கள் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியபோது அதற்குப் பெயர் சட்டவிரோதம்.

விடுதி அறை

பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், ஒரே கொள்ளளவுள்ள இரண்டு கார்டுக்கு இரண்டு விலை ஏன் என்று கேட்டார். ஆலை விடுதியை உதாரணமாகச் சொன்னேன். இருவர் தங்கும் அறையில் நான்கு பேரை அடைத்தால் வாடகை குறையும். கதவும் தாழ்ப்பாளும் சீக்கிரம் போகும். கார்டும் அப்படித்தான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலிவானதையே எடுத்தார்.

“கல்யாண வீடியோ போட ஒரு கார்டு கேட்டேண்ணே. நீங்க அதையும் சங்கத்துல சேக்கப் பாக்குறீங்களே!”

மாறாத உறை

நீடித்து உழைக்கும் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, மூன்று வருடம் அதை மட்டுமே சிபாரிசு செய்துவந்தேன். ஒருமுறை வந்த பெட்டியில் கார்டு மந்தமாக ஓடியது. சோதித்துப் பார்த்தால் உள்ளே வேறு சிப். மதுரையிலிருந்து வரும் ஏஜெண்டிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டேன்.

அதற்குள் ஒரு கார்டு விற்றுப் போயிருந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி ஒன்றின் கேமராவுக்கு. ஒன்றுதானே என்று அதை மாற்றிக் கொடுக்கப் போகவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பேசியவன் செய்த காரியம் அது. ஏஜெண்டு மட்டும் சிரித்த முகமாகவே இருந்தான்.

“பேரு மாறல, கலரு மாறல, வாரண்டி மாறல. உள்ள இருக்குறத யாரு அண்ணாச்சி பாக்கப் போறா?”

ஒரே சாட்சி

சில மாதம் கழித்து அந்த மண்டியில் மூட்டை எண்ணி லாரியில் ஏற்றிவிடும் பழனாத்தாள் கடைக்கு வந்தாள். மதுரை வியாபாரிக்குப் போன முருங்கைக்காயில் மூன்று மூட்டை குறைந்ததாம். அவர் அதைச் சொன்னதே பத்து நாள் கழித்து. அவள்தான் கடத்திவிட்டாள் என்று முதலாளி வருகைப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார். கேமராவைப் பாருங்கள் என்றிருக்கிறாள். கேமரா ‘கார்டு பழுது’ என்றது. அவர் வீசியெறிந்த கார்டை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

“ஏனுங்க, நீங்க வித்த கார்டுதானுங்க எனக்கு ஒரே சாட்சி. அதுவும் வாயை மூடிக்கிச்சுங்க.”

வேலைநிறுத்தம்

கார்டைக் கணினியில் செருகினேன். ஒரு படத்தைப் பதியப் பார்த்தேன்; மறுத்தது. அழிக்கப் பார்த்தேன், அதற்கும் மறுத்தது. திறந்தால் மட்டும் எல்லாம் தெரிந்தது. தேய்ந்த கார்டுகளில் சில இப்படித்தான்: புது வேலையை ஏற்காது, செய்த வேலையைக் காட்டும். காலையில் மூட்டை ஏற்றிய அன்று மத்தியானமே அது தன்னைப் பூட்டிக்கொண்டுவிட்டது. நான் சிபாரிசு செய்த நல்ல கார்டாக இருந்திருந்தால், ஒரு வாரக் காட்சிதான் கொள்ளும் என்பதால் பழைய காட்சி மேல் புதியதை எழுதி எழுதி, எட்டாம் நாளே அந்தக் காலையை அழித்திருக்கும்.

மறுநாள் பழனாத்தாளோடு மண்டிக்குப் போய், சுமைதூக்குபவர்கள் சூழ்ந்து நிற்க மடிக்கணினியைத் திறந்தேன். அந்த மூன்று மூட்டைகளைக் கேரளா லாரியில் ஏற்றச் சொல்லி ஒரு கை நீண்டது. கையோடு முகமும் வந்தது.

“அட, நாந்தான் ஏத்தச் சொன்னனுங்களா?” என்றார் முதலாளி.

“கொறளி வித்தையா காட்டறோம்? நல்லாப் பாருங்க!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

நாளையிலிருந்து அவளை வரச் சொல்லுங்கள் என்றார் முதலாளி. அடித்த பெயரை இப்போதே எழுதி, எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்றேன். பழனாத்தாள் வேலையாட்களின் வரிசையில் தன் பழைய இடத்தில் போய் நின்றாள்.

என் வாழ்நாளில் முழுதாக வென்ற ஒரே வேலைநிறுத்தம் நான் விற்ற மட்டமான கார்டு நடத்தியதுதான் என்ற பெருமையோடு நான் மடிக்கணினியை மூட, முதலாளி பேனாவை மூடிவிட்டு எல்லோருக்கும் கேட்கப் படித்தார்: “பழனாத்தாள்.”