பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு கோடு

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கணக்குப் படித்திருக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். நான் பி.ஏ. வரலாறு. கணக்கை நானாக விட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் படித்த பெண்கள் பள்ளியில் மேல்வகுப்பில் கணக்குப் பிரிவே கிடையாது. வரலாறு இருந்தது, சேர்த்துவிட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் போளூரிலிருந்து மலைக்கு வந்து, காவலூர்ப் பக்கம் தொலைநோக்கி வைத்திருந்த ஒரு நிலையத்தில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். நட்சத்திரப் பட்டியல்களை டைப் அடிப்பதுதான் வேலை. அப்போது ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. மலைக்குளிர் போதாதென்று அதற்கு ஏ.சி. வேறு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கூட வந்த கையேட்டைப் படித்துப் படித்து 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டேன். எந்த நேரத்தில் எந்த நட்சத்திரம் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று சொல்ல ஒரு புரோகிராமும் எழுதிவிட்டேன். சூத்திரம் புத்தகத்தில் இருந்தது. அது ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன்.

எங்கள் அதிகாரி ஆரணிக்காரர். நல்ல மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி.

"கணக்கு படிக்காத பொண்ணு எழுதினதை எப்டிம்மா நம்புறது? படிச்சவங்க ஒருத்தங்க பார்த்து சரின்னு சொல்லட்டும். புரோகிராம் வேலையே உனக்குக் குடுத்துடறேன். இல்லன்னா பழையபடி டைப்ரைட்டர்தான்."

பார்க்க வந்தவள் வாணியம்பாடிக்காரி. என் வயதுதான், எம்.எஸ்சி. கணக்கு. அவள் வீட்டில் தோல் வியாபாரம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையில் என் வரிகளை மேலிருந்து கீழே படித்தாள். என் தலையெழுத்தே அவள் கையில் இருப்பதாகத் தோன்றியது, எரிச்சலாக வந்தது.

"இன்னாங்க இது, இவ்ளோ 'இப்படி இருந்தால், இப்படி இருந்தால்'னு?"

"கிழக்கே இருக்கறதை மேற்கேன்னு காட்டுது. எப்பல்லாம் தப்பா வருதோ அப்பல்லாம் ஒண்ணு சேர்த்தேன்."

ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட பழைய துணி மாதிரிதான் இருந்தது என் புரோகிராம். அவள் சிரிக்கவில்லை. பிரிண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்தாள். நடுவே குறுக்காக ஒரு கோடு இழுத்து, அது வட்டத்தைத் தொடும் இரண்டு முனைகளிலும் புள்ளி வைத்தாள்.

"ஒண்ணு கிழக்கே, ஒண்ணு மேற்கே. இதுக்கு ரெண்டு தூரமும் பிளஸ், அதுக்கு ரெண்டும் மைனஸ். ஆனா நீங்க ஒண்ணை ஒண்ணால வகுத்துப் போட்டீங்கன்னா மைனஸ் ரெண்டும் அடிபட்டு, ரெண்டுக்கும் ஒரே எண்ணுதான் வரும். மெஷினுக்கு எது எதுன்னு எப்டிங்க தெரியும்? வகுக்கறதுக்கு முன்னாடியே குறியைப் பார்த்து வெச்சுக்கணும்."

அவ்வளவுதான். வாரக்கணக்கில் நான் முட்டி மோதிய இடம் ஒரே வட்டத்தில் திறந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது. இதை எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளியில் ஓர் ஆள் இல்லாமல் போனதே என்ற ஆத்திரம்.

முழுவதையும் அவள் புதிதாக எழுதினாள். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது, அத்தனை அழகு. அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்தது, ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் ஒரு டிகிரி தள்ளி நின்றது. தொலைநோக்கிக்கு ஒரு டிகிரி என்பது பக்கத்து ஊர். சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கொண்டுவந்த சாப்பாடு பிரிக்காமலே ஆறிப்போனது.

நான் பட்டியலைப் பார்த்தேன். வான நடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் போடுவது வழக்கம். இது அரை டிகிரிதான், அதாவது முப்பது நிமிடம்தான் தெற்கே. அதனால் 'மைனஸ் 0 டிகிரி 30 நிமிடம்' என்று இருந்தது.

"இங்க பாருங்க, மைனஸ் ஜீரோ."

"ஜீரோவுக்கு ஏதுங்க மைனஸ்?" என்றாள் பட்டென்று.

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். மெஷினும் அவளைப் போலவே நினைத்து மைனஸைத் தூக்கி எறிந்திருந்தது. அரை டிகிரி தெற்கே இருந்த நட்சத்திரம் அரை டிகிரி வடக்கே போய்விட்டது, ஆக ஒரு டிகிரி. டைப் அடிக்கிறவளுக்கு அந்தக் கோடும் ஓர் எழுத்து, அதை விட்டுவிட்டால் திட்டு விழும். என் பழைய புரோகிராமில் அதைத் தனி எழுத்தாகத்தான் வாங்கியிருந்தேன். அந்த வரிகளை அவளுடையதில் சேர்த்ததும் நட்சத்திரம் தன் இடத்துக்குத் திரும்பியது. அப்புறம்தான் இருவருமாக ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.

மத்தியானம் அதிகாரி வந்தார். "இன்னாம்மா, எப்டி கீது? கணக்கு படிக்காம இந்த வேலை ஆவுமா, ஆவாதா?" என்று அவளைத்தான் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அவங்களையே கேளுங்க சார்" என்றாள்.

அந்த மைனஸைக் காட்டி, கணக்கு வேண்டாம் என்று மார்தட்டியிருக்கலாம். வேலை அப்போதே என்னுடையதாகியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மேஜைமேல் அந்த வட்டம் கிடந்தது. தெரியாமல் சமாளித்தது எப்படி இருக்கும், தெரிந்து செய்வது எப்படி இருக்கும் என்று இரண்டையும் ஒரே காலையில் பார்த்தவள் நான். எப்படிப் பொய் சொல்வது?

"வேணும் சார். எனக்குக் கணக்கு வேணும்" என்றேன்.

டைப்ரைட்டர்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ படிம்மா. தபால்ல பி.எஸ்சி. இருக்குது. அதுவரைக்கும் ரெண்டு பேருமா சேர்ந்து எழுதுங்க."

அவர் போனதும் அவள் வட்டம் போட்ட தாளை என் பக்கம் நகர்த்தினாள். பென்சிலை என் கையில் கொடுத்தாள்.

"இப்ப பக்கத்துல நீங்க ஒரு வட்டம் போடுங்க" என்றாள்.