அந்த அம்மா கேட்ட கேள்வி

மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியையாக இருந்தபோது, ஒரு பிற்பகல் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்ற அந்த அம்மாவை மறக்க முடியவில்லை. கம்பெனியின் நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. காலை ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தன் மகளுக்கு நான் காதல் பாடம் நடத்துவதாகக் கேள்விப்பட்டு, சண்டை போடவே வந்தவர்.

வகுப்பில் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். பழகுகிறவன் தினமும் போனை வாங்கிச் சோதித்தால், யாரோடு பேசலாம் என்று அவனே தீர்மானித்தால், அது அன்பு அல்ல. பயந்துகொண்டு யாரோடும் இருக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் பாடம் என்றேன்.

சண்டைக்கு வந்தவர், பக்கத்து மேசையிலிருந்த கணக்கு ஆசிரியர் எழுந்து போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஊட்டுக்காரரு போன வாங்கிப் பாத்தாலும் அப்படித்தானுங்களா டீச்சர்?"

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் தயாரித்திருந்தேன். ஒரு குடும்பத்துக்குள் கை வைக்கிறோமோ என்று பயமாக இருந்தது. கடைசியில், "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அழவில்லை. தான் வேலைவிட்டு வந்ததும் கணவர் போனை வாங்கிவிடுவார் என்றும், சூப்பர்வைசர் அழைத்திருந்தால்கூட அடி விழும் என்றும், இத்தனை வருஷமாக அதை அக்கறை என்றே நினைத்திருந்ததாகவும் சொன்னார். பெண்கள் உதவி மையத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மகளின் மாற்றுச் சான்றிதழுக்காக வந்தார். கணவரிடம் சொல்லாமல் மகளோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. தங்குவதற்கு, முன்பு தன்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் வீடு. தோழிகளை விட்டுப் போகும் மகள் அழுதுகொண்டே இருந்தாள். என் ஒற்றைச் சொல்லால்தானா இத்தனையும் என்று எனக்கு உறுத்தியது. அவசரப்பட வேண்டாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

"புள்ள பாத்துக்கினே இருக்குதுங்க டீச்சர்," என்றார். "நாளைக்கு அவளும் இதுதான் வாழ்க்கைன்னு இருந்துடுவா."

சான்றிதழில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தை நான் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். அந்த வகுப்பைப் பெற்றோரையும் உட்காரவைத்துத்தான் நடத்துகிறேன். தாய்மார்கள் நிறையப் பேர் வருகிறார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த அம்மாவை அதன்பின் நான் பார்க்கவில்லை. அவருடைய கணவரை ஒருமுறை பார்த்தேன். தாயும் மகளும் போன மறுவாரம் அந்தப் பழைய பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை, மிகவும் மரியாதையாக, எந்த ஊருக்குப் போனார்கள் என்று மட்டும் கேட்டார்.

தெரியாது என்றேன். அந்தப் பொய்க்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.