கவுன்ட்டர் மேலேயே டார்ச்சைக் கழற்றினேன்

நேற்று தாம்பரத்தில் வாங்கிய மலிவு எல்.இ.டி. டார்ச், கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே அணைந்துவிட்டது. எங்கள் லேஅவுட்டில் தெருவிளக்கு இல்லை. நாய்கள் உண்டு.

இன்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"யூஸ் அண்ட் த்ரோம்மா இது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கினு போ," என்றார் கடைக்காரர்.

"இங்கயே தொறந்து பாக்கறேண்ணா."

"லேடீஸுக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல? தொறந்தா வாரண்டி பூடும்."

"வாரண்டியே இல்லன்னுதானே நேத்து சொன்னீங்க?"

கழற்றினேன். விளக்குகளில் குறையில்லை, சுவிட்சுக்குப் போகும் ஒயர்தான் விட்டுப்போயிருந்தது. பக்கத்து செல்போன் ரிப்பேர் கடையில் சால்டரிங் அயர்ன் கேட்டு வாங்கி, கொஞ்சம் தடிமனான ஒயரை நானே பற்றவைத்தேன். எரிந்தது. அவர் கண்ணெதிரே மூன்று முறை தரையில் போட்டேன். அப்போதும் எரிந்தது.

கடைக்காரர் மெதுவாக ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். "இதே மாரி எட்டு பீஸ் செத்துக் கீதும்மா. பாத்துத் தரியா?"

"தரேன். நீங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கணும்."

முறைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டு டார்ச்சையும் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று இங்கே எழுதுங்கள். கடைக்காரர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.