போட்டிக்குக் கொட்டிய தண்ணீர்

குப்பை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்னால் போகும் காரின் கண்ணாடி இறங்கி, ஒரு கை வெளியே வந்து, தே ஐஸ் என்கிற குளிர்ந்த தேநீர் குடித்த பிளாஸ்டிக் பையை வீசிவிட்டு உள்ளே போனால் போதும், அடுத்த சமிக்ஞை விளக்கு வரை ஹாரனை அழுத்திக்கொண்டே துரத்துவேன். தினமும் காலையில் பட்டர்வொர்த்திலிருந்து கடல் பாலம் ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவள் நான். நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம், "எவ்வளவு ஜனம், இந்தப் பூமி எப்படித்தான் தாங்கும்" என்று வாய்விட்டுப் புலம்புவேன். ஐந்து பேர் உட்காரும் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு நான் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்புதான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், காடு அழிவதற்கும் கடல் கெடுவதற்கும் வெயில் ஏறுவதற்கும் யார் காரணம் என்று கேட்பேன். "மனிதன், டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்துவார்கள். அந்த மனிதன் யாரென்று அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டால் அவன் எங்கோ தூரதேசத்துக் காட்டில் கோடரியோடு திரிகிறவன் என்றுதான் தோன்றும். மனிதனைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. திட்டு யார் மேலும் விழுவதில்லை.

காலையில் மக்கள்தொகைப் பெருக்கம் என்று பலகையில் எழுதிவிட்டு, சாயங்காலம் லிட்டில் இந்தியா துணிக்கடைகளில் புதிதாகக் கல்யாணமான பெண்களைப் பார்த்தால், "சீக்கிரம் ஒண்ணு பெத்துக் குடும்மா, எங்க ஸ்கூலுக்கு ஆள் வேணும்" என்று கேலி செய்வதும் நான்தான். கேலியில் பாதி உண்மை. மொத்தப் பள்ளியிலும் எண்பத்துச் சொச்சம் பிள்ளைகள். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. இன்னும் குறைந்தால் பள்ளியை வேறெங்காவது கொண்டுபோய்விடுவார்கள் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எப்போதும் உண்டு.

அந்த நேரத்தில்தான் பள்ளிகளுக்கிடையே மறுசுழற்சிப் போட்டி அறிவித்தார்கள். ஒரு மாதத்துக்குள் எந்தப் பள்ளி அதிக பிளாஸ்டிக் சேர்க்கிறது என்பதுதான் போட்டி. ஆனால் மொத்த எடையைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு எவ்வளவு என்று பார்ப்பார்களாம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பக்கத்துப் பள்ளிகளோடு மோத எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி அது. வாழ்க்கையில் முதல்முறையாக, நாங்கள் கொஞ்சம் பேராக இருப்பது எங்களுக்கு லாபமாக இருந்தது.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இதுல ஜெயிச்சா பேப்பர்ல படம் வரும், டீச்சர். நாலு பேரண்ட்ஸ் பார்த்தா நாலு பிள்ளைங்க கிடைக்கும். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு இதுவரைக்கும் ஆறு பேருதான் பதிஞ்சிருக்காங்க."

ஜெயித்தோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேப்பரில் படமும் வந்தது. நான் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். இது ஜெயித்த கதை இல்லை.

முதல் இரண்டு வாரம் நேர்மையாகத்தான் சேர்த்தோம். ஷாம்பு டப்பா, எண்ணெய்ப் போத்தல், ஐஸ்கிரீம் பெட்டி என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து குவித்தார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து முள் வைத்த பெரிய தராசு ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தோம். பிளாஸ்டிக் எவ்வளவு லேசானது என்று அப்போதுதான் தெரிந்தது. மூட்டையைப் பார்த்தால் மலை, தராசில் ஏற்றினால் பஞ்சு. மாதத்தின் நடுவில் பட்டியல் வந்தபோது மூன்றாம் இடத்தில் இருந்தோம்.

அந்த மாதம்தான் தைப்பூசமும் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில் எங்கள் பள்ளிப் பெற்றோர் வருஷா வருஷம் ஒரு பந்தல் போடுவார்கள். பெரிய அண்டாவில் மோர். எவர்சில்வர் டம்ளரில் மொண்டு கொடுப்பார்கள். பந்தலுக்குப் பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் உண்டு. பிள்ளை முதல் தலைமையாசிரியை வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். வருஷா வருஷம் அந்த டம்ளர் வாளி அவர் பொறுப்பு.

அந்த வருஷம் மோரும் வேண்டாம், டம்ளரும் வேண்டாம், போத்தல் தண்ணீர் கொடுப்போம் என்று கூட்டத்தில் சொன்னது நான். ஒரே டம்ளரில் ஊரே குடிப்பது சுகாதாரம் இல்லை, கொரோனாவுக்குப் பிறகு மக்கள் தயங்குகிறார்கள் என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் என் மனதில் ஓடியது தராசு முள்தான். ஆயிரக்கணக்கான போத்தல், அத்தனையும் காலியாகி எங்கள் கைக்கே திரும்பி வரும். பெற்றோர் சங்கத் தலைவர் பானங்கள் ஏற்றுகிற லோரி வைத்திருக்கிறார். உடனே பிடித்துக்கொண்டார். "செஞ்சிடலாம் லா டீச்சர். எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு. சின்னப் போத்தலா எடுப்போம், அப்பத்தான் எண்ணிக்கை கூடும்."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். நான் இடித்தது முருகன் கோயில் வாசலில்.

தைப்பூசத்தன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்கு கொடுத்தேன். பந்தலில் போத்தல் வாங்கியவர்களின் பின்னாலேயே போய் நின்றார்கள். "அங்கிள், குடிச்சிட்டீங்களா?" என்று நச்சரித்தார்கள். காவடி இறக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒருவர், "கொஞ்சம் இரு லா தம்பி, தொண்டையில இறங்கட்டும்" என்று கெஞ்சினார். பாதிப் பேர் இரண்டு மிடறு குடித்துவிட்டு மீதியோடு நீட்டினார்கள். பிள்ளைகள் மீதியைச் சாலை ஓரத்தில் ஊற்றிவிட்டு, போத்தலை மிதித்துச் சாக்கில் போட்டார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கழுவ டம்ளர் இல்லாவிட்டாலும் அக்கா வந்திருந்தார். "நல்லதுதான் டீச்சர், முதுகு தப்பிச்சிச்சு" என்று சிரித்துவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் போத்தல் பொறுக்கினார். அடுத்த பந்தலில் குளுகுளுவென்று பார்லித் தண்ணீர் கொடுத்ததால் எங்கள் தண்ணீர் எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. பந்தலைப் பிரிக்கும்போது சங்கத் தலைவர் அக்காவிடம் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். மீதி நாற்பது பெட்டியைப் பள்ளி ஸ்டோரில் இறக்கினார்.

அது மழையே இல்லாத மாதம். பள்ளித் திடல் வெடித்துக் கிடந்தது. அணையில் தண்ணீர் குறைந்துவிட்டதால் சில பகுதிகளில் குழாய்த் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதாக அறிவிப்பு வந்தது. பள்ளிக்குப் பிரச்சினை இல்லை. அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில் மேல் மாடிகளுக்குத் தைப்பூசத்துக்கு மறுநாளே தண்ணீர் ஏறவில்லை. அவர் வீடு ஒன்பதாம் மாடி. அதற்கும் அடுத்த நாள் காலையில் என்னிடம் வந்து, "வேலை முடிஞ்சு ரெண்டு கேன் தண்ணி பிடிச்சிக்கவா டீச்சர்? மோட்டார் சைக்கிள்ல வச்சுக் கொண்டு போயிடுவேன்" என்று கேட்டார். "இதெல்லாம் கேக்கணுமாக்கா, தாராளமா" என்றேன். தாராளம் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

போட்டியில் கடைசி எடை அதற்கு மறுநாள் காலை. போட்டி நடத்துகிறவர்களின் லோரி பத்து மணிக்கு வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலிடத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு நூல்தான் இடைவெளி. ஸ்டோரில் நாற்பது பெட்டி இருந்தது. ஆனால் போத்தல் காலியாக இருந்தால்தான் எடையில் சேரும்.

அக்கா தண்ணீர் கேட்ட அதே நாள் மாலை நான்கு மணிக்கு மன்றப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் திடல் ஓரத்தில் உட்கார வைத்தேன். மூடியைத் திருகு, கால்வாயில் ஊற்று, மிதி, சாக்கில் போடு. இதைச் சொல்லிக் கொடுத்தது நான். ஏன் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் அதிகமாகக் கூசுகிறது. வெயிலுக்கு இதமாக ஒருவர் மேல் ஒருவர் ஊற்றி விளையாடினார்கள். கால்வாய் ஓரத்தில் மைனாக்கள் இறங்கி வந்து குடித்தன. யாரும் திறக்காத, நல்ல, சுத்தமான தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடியது.

அப்போதுதான் அக்கா இரண்டு காலிக் கேன்களோடு குழாயடிக்கு வந்தார். நின்று பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

"ஏன் டீச்சர், கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

நல்ல தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? அப்படி ஒன்று நடக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கெட்டுத்தான் போயிருக்க வேண்டும். என் பெயரைக் காப்பாற்ற அவரே ஒரு வழி திறந்துவிட்டார். நான் அதில் நுழைந்துவிட்டேன்.

"ஆமாக்கா" என்றேன். "பந்தல்ல வெயில்லேயே கிடந்துச்சில்ல. சூட்டுல பிளாஸ்டிக் எல்லாம் தண்ணியில இறங்கியிருக்கும். குடிச்சா வயித்துக்கு ஆகாது."

அறிவியல் ஆசிரியை அல்லவா, பொய்க்குக் காரணமும் பொருத்தமாக வந்து விழுந்தது. "ஐயோ" என்றார் அக்கா. கேன்களை நிரப்பி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். அந்த அவசரம் ஏன் என்று நான் யோசிக்கவில்லை. இன்னும் பதினைந்து பெட்டி மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை பள்ளி மணி அடிப்பதற்கு முன் சாக்குகளைத் தராசில் ஏற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு சிவப்புப் பையோடு வந்து நின்றார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"நல்லவேளை நேத்து நீங்க சொன்னீங்க டீச்சர். அன்னிக்குத் தலைவர் அண்ணே குடுத்த பெட்டியில பன்னண்டு போத்தல் வீட்டுல இருந்துச்சு. தண்ணி வராததால பிள்ளைங்களுக்குக் குடிக்க மட்டும்னு எடுத்து வச்சிருந்தேன். நேராப் போயி எல்லாத்தையும் ஊத்திட்டேன். ரெண்டு பிள்ளைங்களும் முந்தியே கொஞ்சம் குடிச்சிருக்குங்க, அதான் ராத்திரி பூரா வயிறு வலிக்குதா, வலிக்குதான்னு எழுப்பி எழுப்பிக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"தண்ணிக்கு என்ன பண்ணீங்கக்கா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிட்டுப் போனது சமையலுக்கும் பாத்ரூமுக்கும் போயிடுச்சு. தண்ணி லோரி ராத்திரி வரும்னாங்க, வரல. விடியக்காலையிலதான் வந்துச்சு. பரவால்ல டீச்சர், ஒரு ராத்திரிதானே. வயித்துல எதுவும் ஆகல, அது போதும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அக்கா, தண்ணீர் கெடவில்லை, நான்தான் கெட்டுப்போனேன் என்று இரண்டு வார்த்தை. சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள். தலைமையாசிரியை படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார். பத்து மணிக்கு லோரி வந்துவிடும். இவையெல்லாம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தில் என்மேல் இருந்த மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான். உலகத்தைக் கெடுக்கிற மனிதன் எப்படி இருப்பான் என்று அந்தப் பிள்ளைகள் அன்று கேட்டிருந்தால், தராசுப் பக்கத்தில் பேனாவோடு நின்ற என்னைக் காட்டியிருக்க வேண்டும்.

அக்கா சிவப்புப் பையை நீட்டினார். உள்ளே பன்னிரண்டு காலிப் போத்தல்கள். மூடி கழற்றி, மிதித்து, பிள்ளைகள் செய்வது போலவே தட்டையாக்கி வைத்திருந்தார்.

"தூக்கிப் போட மனசு வரல. எடையில போடுங்க டீச்சர், நம்ம ஸ்கூலுக்கு ஆகும்."

வாங்கினேன். தராசில் வைத்தேன். அக்கா குனிந்து முள்ளையே பார்த்தார்.

"கூடிச்சா டீச்சர்?"

"கூடிச்சுக்கா" என்று சொல்லி, எழுதிக்கொண்டேன்.