நானூறு கார்டும் ஒரு பென்சில் கோடும்

கார்டில் துளை போட்டுப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: சரியாக அடித்த ஆயிரம் கார்டை யாரும் பார்ப்பதில்லை, ஒரு துளை தள்ளி விழுந்தால் கம்பெனியே வந்து எட்டிப் பார்க்கும். எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் பஞ்ச் ஆபரேட்டர். தாளில் எழுதி வருவதை மெஷினில் அடித்தால் அட்டையில் துளைகள் விழும். அந்தத் துளைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும்.

முதல் ஆறு மாதம் புரொபேஷன். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர் அதைத் தாண்டாமல் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நானும் திரும்பினால், பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குச் சரி சொல்வதாக அப்பாவோடு பேச்சு. எனக்கோ மாப்பிள்ளையைவிட மெஷின் பிடித்திருந்தது.

ஸ்வெட்டர்

மெஷின் சூடாகக் கூடாதென்று அந்த அறைக்கு ஏசி. நாங்கள் நடுங்குவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மே மாதத்தில் ஆரம்பாக்கத்தில் ரயிலேறும்போதே என் மடியில் ஸ்வெட்டர் இருக்கும். ஒருநாள் எதிரே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஜொரமா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கூடையைப் பார்த்தார்.

"அந்த ரூம்புல ஒரு ஓரமா என் கூடையை வெச்சுக்கினா உங்க மெஷினு இன்னா சொல்லும்?"

வீணான கார்டு

அடிக்கும்போது தப்பு விழுந்து பாதியில் விட்ட கார்டுகளை அட்டெண்டர் ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போவார். கெட்டி அட்டை, மளிகைச் சாமான் பட்டியல் எழுத வசதி. ஒருநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஓட்டையில எழுதவும் முடியல, மாவு சலிக்கவும் முடியலம்மா. தப்பு பண்றதுதான் பண்றே, ஆரம்பத்துலயே பண்ணிடேன்!"

நாலு மணிக்கு மெஷின்

புரொபேஷன் முடிய ஒரு வாரம். நானூறு கார்டு கொண்ட புரோகிராம் ஒன்றை அடித்திருந்தேன். ஒவ்வொரு கார்டும் கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை. வரிசை மாறினால் அது ஒன்றும் செய்யாது. கட்டு கலைந்தால் திரும்ப அடுக்க, ஓரத்தில் வரிசை எண்ணும் அடிக்க வேண்டும். சீக்கிரம் முடித்துப் பெயர் வாங்கும் ஆசையில் அதை விட்டுவிட்டேன். நாலு மணிக்கு எங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓட்ட நேரம், தவறினால் அடுத்த வாரம்தான்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புக்கு இடமில்லை. மூன்றரைக்கு, துடைத்த ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு போனேன். வழுக்கியது. நான் விழவில்லை, நானூறும் விழுந்தன. வரிசை எண் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? மாப்பிள்ளை முகம்கூட ஒரு தடவை வந்து போனது.

கார்டுகளைச் சரிபார்க்கும் மேரி அக்கா ஓடி வந்தார். ஒரு கார்டை எடுத்து அதன் மேல்விளிம்பைக் காட்டினார். அதில் பென்சில் புள்ளி. சரிபார்த்ததும் கார்டுக் கட்டை நிறுத்தி, மேல்விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கமாம். முதல் கார்டில் புள்ளி இடது ஓரம், கடைசியில் வலது ஓரம். இருவரும் தரையில் உட்கார்ந்து, கோடு நேராகும்வரை அடுக்கினோம். சந்தேகம் வந்த இடத்தில் தாளைப் பார்த்துக்கொண்டோம்.

நிமிர்ந்தால் சூப்பர்வைசர் தாமோதரன் நிற்கிறார். கட்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் வைத்தார். அது கடகடவென்று விழுங்கியது. ஒரு பிழையும் காட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நிம்மதி. வரிசை எண் விட்டதை நானே சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை தாமோதரன், வேலை நிரந்தரம் என்ற தாளை நீட்டினார்.

"ரெண்டு பேரை அனுப்பினது கட்டு விழுந்ததுக்கு இல்லம்மா. விழவேயில்லன்னு சொல்லிக்கினே இருந்தாங்க, அதுக்கு."

அதன் பிறகும் வருஷத்துக்கு இரண்டு தடவை கட்டைக் கீழே போட்டிருக்கிறேன். நிரந்தரமானவள் என்பதால் நிதானமாகப் போட்டேன்.