சந்தனம் பூசிய துவக்கு

நடந்தது இவ்வளவுதான்:

1. ஜெர்மனியில் எங்கள் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில், நூறு மீற்றர் இறுதி ஓட்டத்துக்காக மாமா துவக்கை உயர்த்தினார்.
2. துவக்கு ‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை.
3. நான் ஓடினேன். மற்ற ஐந்து பேரும் கோட்டிலேயே நின்றார்கள்.
4. முந்தி ஓடியதாக என்னை விலக்கினார்கள்.
5. மாமா உருளையைப் பின்னுக்குத் திருப்பி வைத்துத் திரும்ப அழுத்தினார். அதே ரவை அழகாக வெடித்தது. நான் ஓரமாக நின்று மற்றவர்களுக்குக் கைதட்டினேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. இன்று பழுது கண்டுபிடிப்பதுதான் என் தொழில்; ரயிலில் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். அந்த வரிசையில் முதலாவது இந்தத் துவக்கு.

அது ஓட்டம் தொடக்கி வைக்கிற சிறிய கைத்துவக்கு. அதன் ரவை வெறும் தோட்டா; முனையில் குண்டு கிடையாது. சத்தமும் கொஞ்சம் புகையும் மட்டும். அம்மாவின் தம்பியான என் மாமா அதை முறைப்படி வாங்கி, முறைப்படி பூட்டி வைத்திருந்தார். பக்கத்து நகரத் தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் விசில் ஊதித்தான் ஓட்டம் தொடங்கின. எங்களுடையது துவக்கு வெடித்துத் தொடங்கியது. அதனால் நாங்கள் ஒரு படி மேல் என்பது எங்கள் எண்ணம்.

நான் விலக்கப்பட்ட அன்று மாலை, பள்ளிச் செயலாளர் எல்லோர் முன்னாலும் பேச்சை எடுத்தார்.

“அடுத்த வருசம் விசில்தான். துவக்கை நம்பேலாது.”

“விசிலுக்கு ஓட இதென்ன பஸ்ஸே அண்ணை?” என்றார் மாமா.

“பஸ் எண்டாலும் விசிலுக்கு வெளிக்கிடும். உம்மட துவக்கு வெளிக்கிடேல்லையே.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. கடைசியில் ஒரு சமரசம் வந்தது: இன்னும் ஒரு வருடம். ஒரு தரம் ‘டிக்’ என்றாலும் அந்த இடத்திலேயே விசில். வீடு திரும்பும்போது மாமா காரில் பாட்டுப் போடவில்லை. மாமாவின் காரில் பாட்டு இல்லை என்றால் நிலைமை மோசம் என்று பொருள்.

அடுத்த வசந்தம் வரை மாமா அதனோடு மல்லுக்கட்டினார். புது ரவை வாங்கினார்; ‘டிக்’ என்றது. துவக்கைத் துடைத்து எண்ணெய் போட்டார், பழைய ரவையைப் போட்டார்; ‘டிக்’ என்றது. ஒவ்வொரு முறையும் “இதில்லைப் போல” என்று சொல்லி அடுத்ததற்குத் தாவினார். ஒரு சனிக்கிழமை என்னையும் தான் வேலை செய்த டயர் கடைக்குக் கூட்டிப் போனார். கடை பூட்டிய பிறகு பின்புறக் களஞ்சியத்தில் சோதித்துப் பார்க்க முதலாளி அனுமதித்திருந்தார். அந்த ஜெர்மன்காரரே என் தலையில் காதுமூடியை மாட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க ஒரு டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

டயரில் குறி போடுகிற மஞ்சள் சோக்குக் கட்டி என் கையில் இருந்தது. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான், அதுவும் ஐந்தாவது வரியிலிருந்து வந்தது: ‘டிக்’ என்ற அதே ரவையைத் திரும்ப அடித்தால் வெடிக்கிறதா? வெடித்தால் தரையில் ஒரு வட்டம். வெடிக்காவிட்டால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி.

மாமா மணல் வாளியை நோக்கிச் சுட்டார். ‘டிக்’ என்றால் உடனே திறந்து பார்க்கவில்லை. வாளியை நோக்கியபடியே கொஞ்சம் பொறுத்தார். அவரிடம் மூன்று பெட்டி ரவைகள் இருந்தன. ஒன்று ஆயுதக் கடையில் வாங்கிய நல்லது, ஒன்று எங்கோ மலிவாக வாங்கியது, ஒன்று எங்கள் மாடிவீட்டின் நிலவறையில் வருடக்கணக்காகக் கிடந்தது. அந்த நிலவறையில்தான் கட்டிடம் முழுவதும் ஈர உடுப்புக் காயப்போடும்.

வட்டங்கள் மூன்று பெட்டிக்கும் விழுந்தன. புள்ளடிகள் நிலவறைப் பெட்டிக்கு மட்டும்.

“மாமா, ரெண்டு பழுது இருக்கு. ஒண்டில்லை.”

அவர் தரையைப் பார்த்தார். புது ரவை போட்டபோது மற்றப் பழுது ‘டிக்’ என்றிருக்கிறது. அதனால் திருத்தியதையும் வீண் என்று நினைத்திருக்கிறார். ஈரம் குடித்த நிலவறைப் பெட்டியை அங்கேயே ஒதுக்கி வைத்தார். ஆனால் நல்ல ரவையும் ஏன் இரண்டாம் அடிக்குத்தான் வெடிக்கிறது?

ரவைகளை எல்லாம் எடுத்துவிட்டு, உருளையைக் கழற்றி விளக்கில் பிடித்தார். “துப்பரவாத்தானே கிடக்கு.” நான் ஒரு பல்லுக்குத்தும் குச்சியால் ரவை உட்காரும் துளைகளின் விளிம்பைச் சுரண்டினேன். மஞ்சளாக ஏதோ பொருக்கு உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். எங்கள் சாமித் தட்டின் மணம்.

“மாமா, இது சந்தனம்.”

அவர் பொருக்கைத் தானும் முகர்ந்து பார்த்தார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் என் பாடப் புத்தகங்களுக்கும் அம்மாவின் தையல் மெசினுக்கும் பக்கத்தில் மாமா இந்தத் துவக்கையும் வைப்பார். ஆயுத பூசையில் ஆயுதம் இல்லாமல் எப்படி என்பது அவர் நியாயம். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்.

“ஓட்டைக்குள்ளயுமோ வச்சனீங்கள்?”

“ஆறு ஓட்டை. ஒண்டுக்கு வச்சுப்போட்டு மற்றதுகளை விடேலுமே?”

காய்ந்த சந்தனத்தால் ரவை முழுதாக உள்ளே உட்காரவில்லை. முதல் அடி அதைத் தள்ளி உட்காரவைத்தது; இரண்டாம் அடிதான் வெடிக்கவைத்தது. நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று முதலாளி கேட்டார். மாமா தன் ஜெர்மனில் பூசையை விளக்கினார். முதலாளி, “டயர் கழற்றும் இயந்திரத்துக்கும் இப்படிச் செய்வாயா?” என்றார். வருடா வருடம் என்றார் மாமா. முதலாளி எழுந்து போய் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அது பழுதானதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

பழைய பல்தூரிகையால் ஆறு துளைகளையும் தேய்த்துக் கழுவித் துடைத்தோம். பிறகு ஆயுதக் கடைப் பெட்டியில் மிச்சமிருந்த அத்தனையும் முதல் அடிக்கே வெடித்தன. மாமா காருக்குள் ஏறும் முன்பே பாடத் தொடங்கிவிட்டார்.

ஆனால் நான் தரையில் மூன்றாவதாக ஒன்றும் எழுதியிருந்தேன்: மாமா தாமதிக்கிறார். துவக்கை உயர்த்திய பிறகு அவர் உடனே சுடமாட்டார். தலையைத் திருப்பி, அம்மாமார் ரோல்ஸ் பொரித்து விற்கும் கடைப் பக்கம் பார்ப்பார். கோட்டில் குனிந்திருக்கும் எங்களுக்குக் கால் நடுங்கும். போன வருடம் நான் ‘டிக்’குக்கே பாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமா அந்த வரியைச் சப்பாத்தால் அழித்தார். “அது பழுதில்லைப் பிள்ளை.”

“அப்ப என்ன?”

“அது அப்பிடித்தான்.”

போட்டி நாள் வந்தது. செயலாளரின் கழுத்தில் புத்தம் புதிய விசில் மின்னியது. சிறுவர் ஓட்டங்கள் தொடங்கின. துவக்கு ஒவ்வொரு முறையும் வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் செயலாளர் தன்னை அறியாமல் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானோ மாமா எதைப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில ஓட்டங்களுக்குள் விடை கிடைத்தது. அவர் பார்த்தது அம்மாவை. அம்மா இடுக்கியைக் கீழே வைத்து இரண்டு காதையும் பொத்துவார். அதன் பிறகுதான் மாமா சுடுவார். ஒரு தரமும் மாறவில்லை.

இறுதி ஓட்டத்துக்குக் கோட்டில் குனிந்தபோது நான் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. கடையைப் பார்த்தேன். அம்மாவின் கையில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ். மாமா துவக்கை உயர்த்தியபடி நின்றார். பக்கத்துக் கோட்டுப் பிள்ளை தள்ளாடினாள். அம்மா தட்டை வைத்தார். கைகள் மேலே போயின. காதைத் தொட்டன.

சத்தமும் என் காலும் ஒன்றாகப் புறப்பட்டன. முடிவுக் கயிறு என் நெஞ்சில் பட்டபோது எனக்கு முன்னால் யாருமில்லை.

செயலாளர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். மாமாவிடம் போய்க் கை கொடுத்து, “அடுத்த வருசமும் நீர்தான்” என்றார்.

“விசிலை எறிஞ்சு போடாதேங்கோ அண்ணை. ரோல்ஸ் கடையில வரிசை பிடிக்க உதவும்.”

அன்று அவரைச் சுற்றிச் சிரித்தவர்கள் போன வருடம் சிரித்த அதே ஆட்கள்.

நான் மாமாவின் காதில் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். “அம்மா காதைப் பொத்தினாப் பிறகுதான் நீங்கள் சுடுறீங்கள்.” அவர் கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “கெட்டிக்காரி. ஒருத்தருக்கும் சொல்லாதை” என்று மட்டும் சொன்னார். ஓட்டத்தில் வெல்கிற வழியை மறைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு புதுவருட இரவிலும் தெருவில் வாணம் ஓயும் வரை யன்னல் இல்லாத குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருப்பார். அதையும் தொலைக்காட்சியைக் குறைக்கச் சொல்வதையும் ஒன்றாகவே எண்ணியிருந்தேன். அம்மாவும் மாமாவும் யுத்த காலத்தில் ஊரில் ஒரே பங்கருக்குள் குனிந்திருந்தவர்கள் என்பதோ, சொல்லிவிட்டு வரும் வெடியும் சொல்லாமல் வரும் வெடியும் அம்மாவுக்கு வேறு வேறு என்பதோ, என் மஞ்சள் சோக்குக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாமாவின் தோள் நோவு காரணமாக இப்போது துவக்கு என் பொறுப்பில் இருக்கிறது. ரவைகள் ஆயுதக் கடையில் வாங்கியவை, உலர்ந்த அலமாரியில் உள்ளன. சந்தனம் கைப்பிடியில் மட்டும். இதுவரை ஒரு ‘டிக்’கும் இல்லை. அம்மா இன்னும் ரோல்ஸ் கடையில்தான் நிற்கிறார். “அக்கா பிந்திச் சுடுறா” என்று ஓடுகிற பிள்ளைகள் என்னைப் பற்றி முறையிடுகிறார்கள். அதை நான் திருத்தவில்லை.