மேல்மாடிக்குக் கேட்காத சத்தம்

அரங்கத்தில் என் அப்பாவைக் 'கயிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மேடையின் வலது ஓரத்தில் நின்று முப்பத்தொரு வருடம் திரை இழுத்தவர். சிவப்பு விளக்கு எரிந்தால் கயிற்றைப் பிடிக்க வேண்டும், பச்சை எரிந்தால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்பார். சொல்லிவிட்டு, அந்த அவ்வளவுதானைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். நாடகம், மாநாடு, பரிசளிப்பு என்று எல்லாவற்றுக்கும் இழுத்திருக்கிறார். ஆனால் அவர் வாயில் ஓயாமல் அடிபட்டது பாலே நடனம்தான். அதையும் ஓரத்திலிருந்து பார்த்ததோடு சரி. சீட்டு வாங்கி முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

வளைந்து கொடுக்கிற ஆள் கிடையாது. ஒருமுறை மேலாளர் திரைக்கு முன்னால் நின்று வரவேற்புரையை இழுத்துக்கொண்டே போனார். திரைக்குப் பின்னால், உடம்பைச் சூடாக்கி வைத்திருந்த ஆட்டக்காரர்கள் ஆறிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா பச்சை விளக்குக்குக் காத்திருக்கவில்லை. மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் திரை விலகிவிட்டது. இரண்டு வாரம் வேலைக்கு வராதே என்றார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எனக்கு எழுதத் தெரியாது என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் சாயம் அடித்தார்.

என் மகளுக்கு எட்டு வயது. நடந்தால் தரை அதிரும். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார். என் கணவர் ஒரு நாளைக்குப் பத்து முறை "மெதுவா நட" என்பார். அவள் பள்ளியில் பாலே வகுப்பு தொடங்கப் போகிறார்கள் என்று குதித்துக்கொண்டு வந்தவளிடம், "நீ ஆடினா மேடை தாங்குமாடி?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர் சுபாவம் அது. அவளும் சேர்ந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் ஓரத்தை மட்டும் வைத்து நடக்க ஆரம்பித்தாள். அவரை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் என் வாயில் கொழுக்கட்டைதான்.

அப்பா வந்தபோது அந்த நடையைப் பார்த்தார். என்னவென்று கேட்டார், சொன்னோம்.

"ஆடுறவங்க எல்லாம் பூ மாதிரியா விழறாங்க? தடால் தடால்னு விழுவாங்க. பலகையே ஆடும்."

"மாமா, சின்னப் பிள்ளைகிட்ட கயிறு திரிக்காதீங்க," என்றார் என் கணவர்.

"எனக்குக் கயிறு இழுத்துத்தான் பழக்கம் மாப்பிள்ளை. திரிச்சுப் பழக்கமில்ல."

அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்கு நான்கு சீட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அவருக்கும் எனக்கும், மகளுக்கும், ஐந்து வயது மகனுக்கும். வேலைக்காரர்கள் நுழையும் பின்வாசலைத் தவிர வேறு வழி அறியாத மனிதர், அன்று தேய்த்த சட்டையோடு முன்வாசலில் ஏறினார். மேல்மாடியில் கடைசிக்கு முந்தின வரிசை. மகன் பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

மகள் தூங்கவில்லை. இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். கீழே வெள்ளை உடையில் பெண்கள் எழும்பினார்கள், இறங்கினார்கள். வாத்தியங்கள் முழங்கின. காலடிச் சத்தம் என்று ஒன்று, மருந்துக்குக்கூட இல்லை. காற்றில் பறக்கிற பஞ்சுக்கு எடை இருக்குமா, அப்படித்தான் இருந்தது அங்கிருந்து பார்க்க. மகளின் முகம் மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்தது. இடைவேளையில் விளக்கு போட்டதும் அவள் தாத்தாவைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"சத்தமே வரலையே தாத்தா."

அப்பா அசந்துபோய்விட்டார். முப்பத்தொரு வருடமும், தனக்குக் கேட்பது அரங்கம் முழுக்கக் கேட்கிறது என்றே நினைத்திருக்கிறார். "எனக்கே இப்பதாம்மா தெரியுது," என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. பேத்தி முன்னால் பொய்யனாகிவிட்டார், அதுவும் சொந்த அரங்கத்தில். அதைவிட, அவள் இனி ஆயுசுக்கும் பாதத்தின் ஓரத்தில்தான் நடப்பாள். எனக்கு அது தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. தூங்குகிற பேரனைத் தூக்கித் தோளில் போட்டார். பேத்தியின் கையைப் பிடித்தார். கிடுகிடுவென்று படி இறங்கினார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மேடைக்குப் போகும் இரும்புக் கதவில், கறுப்புச் சட்டையும் காதில் கருவியுமாக மேடைப் பொறுப்பாளர் நின்றார். இளம்பெண். கயிறு என்றால் யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் குழந்தைகளை உள்ளே விட முடியாது, விதி இடம் கொடுக்காது, ஆபத்து என்று பொறுமையாகவே சொன்னார்.

"எங்க நின்னா ஆபத்துன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆபத்தில்லாத எடத்துல நிறுத்துறேன்," என்றார் அப்பா. "கூடாதுன்னா காவலாளியக் கூப்பிடுங்க. அவர் வர்றதுக்குள்ள இவ பார்த்துருவா."

அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு எங்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கையால் மேடையோரத்தில் ஒரு மூலையைக் காட்டிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினார்.

திரை விலகியது. முதலில் ஒருத்தி எழும்பி இறங்கினாள். தடால். என் உள்ளங்காலில் பலகை உதறியது. பிறகு பன்னிரண்டு பேர் ஒன்றாக இறங்கினார்கள். மாடியிலிருந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டது போல ஒரு சத்தம். மகனே விழித்துக்கொண்டான். அவர்களில் ஒருத்தி எங்கள் பக்கமாக ஓடிவந்தாள். திரை மறைவைத் தாண்டியதும் சிரிப்பு உதிர்ந்துவிட்டது. முழங்காலில் கை ஊன்றி, துருத்தி போல மூச்சு வாங்கினாள். வியர்வை பலகையில் சொட்டியது. தசை பிடித்துக்கொண்ட தொடையில் முஷ்டியால் இரண்டு குத்துக் குத்திவிட்டு, மறுபடி சிரிப்பை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குள் பாய்ந்தாள்.

"என்னவிட சத்தம்," என்றாள் என் மகள்.

தாத்தாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். வலது காலைத் தூக்கி, முழுப் பாதத்தையும் பதித்து, பலம் கொண்ட மட்டும் ஒரு மிதி மிதித்தாள். பொறுப்பாளர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மிதிக்கட்டும், விடுங்க."